செவுரத்தை

"சொல்லுங்க" என்கிறார். சொல்ல வேண்டிய ஆளுக்கு வயது ஏழு; முன்பற்கள் இரண்டும் விழுந்து, புதியவை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. மடியில் கதைப் புத்தகத்தை விரித்துக்கொண்டு தரைவிரிப்பில் உட்கார்ந்திருக்கிறது. கேட்க வேண்டியவரோ நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, பிள்ளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். "சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்." பிள்ளை தொண்டையைச் செருமிக்கொள்கிறது. வீட்டில் யாரும் அதனிடம் 'ங்க' போட்டுப் பேசுவதில்லை. அந்த மரியாதைக்காகவே முதல் வரியைக் கொஞ்சம் சத்தமாக வாசிக்கிறது.

பள்ளிப் பதிவேட்டில் அவருடைய பதவி வாசிப்பு உதவியாளர். எழுத்துக் கூட்டித் திணறும் பிள்ளைகளை வகுப்பாசிரியைகள் ஒவ்வொருவராக அவரிடம் அனுப்புவார்கள். தலைக்குப் பதினைந்து நிமிடம். செவுரைப் பார்த்தே உட்காருவதால் பிள்ளைகள் வைத்த பெயர் செவுரு அத்தை, சுருக்கிச் செவுரத்தை. ஆரம்பத்தில் அவருடைய முதுகுக்குப் பின்னால் மட்டும்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். அவர் எப்போதும் முதுகையே காட்டிக்கொண்டிருந்ததால் அது அவர் காதில் விழாமல் போக வழியே இல்லை. "நல்லாத்தான் இருக்கு, அப்படியே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் இந்தப் பள்ளியின் எழுத்தர். அவருடைய அறை முன்பு நோட்டுப் புத்தகங்கள் அடுக்கும் கிடங்காக இருந்தது. அதற்கும் என் அலுவலகத்துக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. அதில், உட்கார்ந்தால் முகம் தெரியும் உயரத்தில், நோட்டுகளை எடுத்துக் கொடுக்க வெட்டிய சிறு சன்னல் ஒன்று உண்டு. காற்றுக்காக அதை நான் மூடுவதில்லை. அவர் பார்த்துக்கொண்டு உட்காரும் சுவர் அந்தத் தடுப்புதான். பிள்ளைகளுக்கு அவருடைய முதுகு தெரியும். எனக்கு மட்டும் முகம் தெரியும். வேலை நேரத்தில் இன்னொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்ல பழக்கமில்லைதான். என்ன செய்வது, என் மேசையில் இருப்பதெல்லாம் வருகைப் பட்டியல்களும் மாற்றுச் சான்றிதழ்களும். அந்த முகம் அவற்றைவிடச் சுவாரசியமானது.

நாற்பத்தாறு வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். போட்டு நான் பார்த்தது குறைவு. இடது காதுக்கு மேல் ஒரு கைப்பிடி முடி மட்டும் படிந்தே கிடக்கும். பத்தொன்பது வருடம் அங்கே ஒரு ஹெட்போன் இருந்தது. குடிநீர்க் குழாய்ப் புகார்களைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை. பிறகு அந்த வேலையை 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று சொல்லும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள். இவர் இங்கே வந்தார். ஆனால் புகார்ப் பிரிவை முழுசாக விட்டுவிட்டு வந்தாரா என்பது சந்தேகம். பிள்ளைகளின் முன்னேற்றத்தை எழுத அவர் வைத்திருக்கும் நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். மேலே 'புகார்', கீழே 'நிலை'. 'கமாவில் நிற்பதில்லை – நிலுவை.' 'குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது – பார்வையில் உள்ளது.' ஒரு பிள்ளை தட்டுத்தடங்கலில்லாமல் வாசிக்க ஆரம்பித்துவிட்டால் பச்சை மையில் 'தீர்ந்தது'.

ஏன் திரும்பி உட்காருகிறீர்கள் என்று ஒரு நாள் சன்னல் வழியாகக் கேட்டேவிட்டேன். "உங்க பக்கத்துல பெரிய டீச்சர் நின்னு பாத்துக்கிட்டே இருந்தா உங்களால டைப் அடிக்க முடியுமா சார்?" என்றார். முடியாது. அவர் வந்தாலே எனக்கு விரல் பிசகும். "அதேதான். அதுவுமில்லாம, போன்ல பேசறவங்க கையில இருக்கறத நம்ம கண்ணால பாக்க முடியாது. அவங்க ஒழுங்கா சொன்னாதான் நமக்குப் புரியும். புத்தகம் பிள்ளை கையிலதான் இருக்கு. எனக்குக் கதை வேணும்னா அது சொல்லித்தான் ஆகணும்."

கதை வேண்டும் என்பது ஒப்புக்குச் சொன்னதில்லை. எந்தப் புத்தகத்தையும் அவர் முன்கூட்டிப் படித்து வைத்துக்கொள்வதில்லை. "இருங்க இருங்க, நாய் கோவமா கொரைச்சுதா, சும்மா கொரைச்சுதா? எனக்கு இங்க தெரியல." பிள்ளை அந்த வரியைத் திரும்ப வாசிக்கும், இந்த முறை நாய் கோபமாகக் குரைக்கும். ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போகிற பிள்ளையிடம், "டிரைவர் சார், பஸ் எல்லா ஸ்டாப்லயும் நிக்குது. இறங்கற ஆள் இருந்தா மட்டும் நிறுத்துங்க" என்பார். மணி அடித்துக் கதை பாதியில் நின்றுவிட்டால் முடிவு தெரியாமலே வீட்டுக்குப் போவார். ஒரு வெள்ளிக்கிழமை ஆமை ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. எனக்கு அந்தப் புத்தகம் தெரியும், வாயைத் திறந்தேன். "சொன்னீங்கன்னா பாருங்க" என்று விரலை நீட்டி மிரட்டிவிட்டு, இரண்டு நாளும் அந்த ஆமையைத் தூக்கிக்கொண்டே திரிந்திருக்கிறார்.

ஒரே பக்கத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்வது அவருடைய வழக்கம். முணுமுணுக்கிற பிள்ளைக்கு ஒரே பதில்தான். "மொதத் தடவ வழி கண்டுபிடிக்க. ரெண்டாவது தடவ நடந்து போக. மூணாவது தடவதான் வேடிக்கை பாக்க."

பிள்ளைகளுக்குத் தெரியாத, எனக்கு மட்டுமே தெரிந்த இன்னொரு வழக்கமும் உண்டு. வாசிக்கிற பிள்ளை ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டால் நம்மில் யாராக இருந்தாலும் வாய் துறுதுறுக்கும், எடுத்துக் கொடுத்துவிடுவோம். இவர் எடுத்துக் கொடுக்க மாட்டார். மடியில் இருக்கும் கைகளில் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாக மடக்குவார். பத்து விரலும் மடங்கிய பிறகுதான் "உதவட்டுமா?" என்பார். பெரும்பாலும் ஆறிலோ ஏழிலோ அந்தச் சொல் வந்துவிடும். "போன்லயும் அப்படித்தான் சார். திடீர்னு பேச்ச நிறுத்திட்டாங்கன்னா வெச்சுட்டாங்கன்னு அர்த்தமில்ல. பத்து எண்ணணும். அழுது முடிச்சுட்டு அவங்களே பேசுவாங்க."

வீட்டில் இந்தப் பொறுமை செல்லுபடியாவதில்லை போலிருக்கிறது. அவருடைய கணவர் சரக்கு வேன் ஓட்டுபவர், ஓயாமல் பேசுவார். சாயங்காலம் மனைவியை அழைத்துப் போக வந்து நிற்கும்போது என்னிடம் குறைப்படுவார். "ஊர்ப் பிள்ளைங்க வாசிக்கறதெல்லாம் கேக்குது சார் இவளுக்கு. நான் சொல்றதுக்கு மட்டும் லைன் கெடைக்காது." கல்லூரியில் படிக்கும் மகள் போனில், "அம்மா, வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டு முடிக்காதம்மா. நான் உன் பொண்ணு" என்று கத்துவது என் மேசை வரை கேட்கும்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தையல்காரர் மகள் வந்தாள்.

மூன்றாம் வகுப்பு. எட்டு வயது. வகுப்பில் அவள் எழுத்துக் கூட்டி வாசித்த ஒரு நாளில் பின்வரிசை சிரித்திருக்கிறது. அன்றோடு வாயை மூடிக்கொண்டுவிட்டாள். செவுரத்தையின் அறையிலும் இரண்டு வாரம் பேச்சு மூச்சில்லை. இவர் பாட்டுக்கு 'சொல்லுங்க' என்பார், பத்து விரலை மடக்குவார், விரிப்பார், மறுபடி மடக்குவார். மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தக் குட்டி திடுதிப்பென்று வாயைத் திறந்தாள். குளத்தைத் தேடிப் போகும் தவளையின் கதை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு பிசகில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள், தவளைக்கு ஒரு குரல், கொக்குக்கு ஒரு குரல். செவுரத்தை கண்ணை மூடிக்கொண்டார். சிரிக்கவில்லை, கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் போனதும் நோட்டை எடுத்துப் பச்சை மையில் எழுதினார். எழுதிவிட்டு எனக்கும் காட்டினார்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். செவுரத்தைக்கு அவள் குரல் மட்டும்தான் தெரிந்தது. எனக்கு அவருடைய தோளுக்கு மேலாக அவள் முகமும் தெரிந்தது. வாசிக்கும் நேரம் முழுக்க அவள் கண் மின்விசிறியில் இருந்தது. ஒரு தடவைகூடப் புத்தகத்துக்கு இறங்கவில்லை, பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. நான் பார்த்தேன். 'அடேங்கப்பா, சூட்டிகையான பிள்ளை' என்று நினைத்துக்கொண்டு சான்றிதழில் முத்திரை குத்தப் போய்விட்டேன். அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் மூன்று கதைகள். அவற்றையும் மின்விசிறியைப் பார்த்தே வாசித்தாள். அப்போதும் நான் மூச்சு விடவில்லை.

வகுப்பாசிரியை ஒரு திங்கட்கிழமை வந்தார். கையில் ஒரு தாள். "அக்கா, நீங்க தீர்ந்ததுன்னு எழுதி அனுப்பிட்டீங்க. நான் புதுசா நாலு வரி குடுத்தேன். 'அணில்' படிக்கத் தெரியல அவளுக்கு. எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் நிக்க வெச்சுட்டேன். நல்லாப் படிக்கறான்னு நம்பித்தானே நிக்க வெச்சேன்?" அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். செவுரத்தை எழுந்து நின்றுகொண்டே கேட்டார். கண்ணாடிக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

தையல்காரர் மகளை அழைத்து வந்தார்கள். அழுது முகம் வீங்கியிருந்தது. அன்றைக்குச் செவுரத்தை நாற்காலியில் உட்காரவில்லை. அவளுக்குப் பக்கத்தில் தரைவிரிப்பிலேயே உட்கார்ந்தார்.

"தவளைக் கதை எப்படிடா வந்துச்சு உனக்கு?"

"வீட்டுல எங்க அக்கா வாசிச்சா. நான் கேட்டுக்கிட்டேன். சாயங்காலம் சாயங்காலம் வாசிப்பா. அப்பா மிஷின் சத்தத்துல கேக்காதுன்னு சத்தமா வாசிப்பா."

"புத்தகத்தப் பாக்கவே இல்லையா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் திருட்டுத்தனமே இல்லை. கேள்விதான் அவளுக்கு விளங்கவில்லை. "நீங்களும்தான் பாக்க மாட்டீங்க. திரும்பிக்கிட்டு, சும்மா கேப்பீங்க. கேட்டே கதையெல்லாம் தெரிஞ்சுக்குவீங்க. நானும் அப்படித்தான்."

அந்தப் பிள்ளையின் தலையில் கையை வைத்த செவுரத்தை, வெகுநேரம் எடுக்கவே இல்லை. அவள் போன பிறகு சன்னலுக்கு வந்தார். "பத்தொன்பது வருஷம் சார். குழாய்ல தண்ணி வரலன்னு பொய் சொல்றவங்கள மூச்சு விடறத வெச்சுக் கண்டுபிடிச்சிருக்கேன். இத்தன நாள் இது எனக்குத் தெரியல பாருங்க." பிறகு, "நீங்க இங்கதான உக்காந்திருந்தீங்க, பாத்தீங்களா?" என்றார்.

பார்த்தேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

தலைமையாசிரியை நியாயமானவர், அதேசமயம் கறாரானவர். இரண்டு உத்தரவுகள் வந்தன; தட்டச்சு செய்தவன் நானே. ஒன்று, வாசிப்பு உதவியாளர் இனிமேல் பிள்ளைகளைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். இரண்டு, ஆண்டு முடிவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தலைமையாசிரியை முன்னால் ஒரு புதுப் பக்கத்தை வாசிக்க வேண்டும். முடியாதவர்கள் அடுத்த வருடமும் மூன்றாம் வகுப்பிலேயே உட்கார வேண்டும். பட்டியலில் யார் பெயர் முதலில் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டு வாரம் இருந்தது.

செவுரத்தை நோட்டை எடுத்து, பச்சை 'தீர்ந்தது'வை ஒரே கோட்டில் அடித்தார். கீழே சிவப்பில் 'புகார் மீண்டும் திறக்கப்பட்டது' என்று எழுதினார். நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

இப்போது எனக்கு அவருடைய முதுகு. பிள்ளைகளுக்கு முகம். ஒரே வாரத்தில் அந்த அறையின் சத்தம் பாதியாகிவிட்டது. பல்லில்லாத வாண்டுகூட ஒவ்வொரு சொல்லுக்கும் நிமிர்ந்து, சரியா என்று அவர் முகத்தைப் பார்த்தது. பஸ் எல்லா நிறுத்தத்திலும் நின்றது. அவர் பார்வையைக் கதவுப் பக்கம், கூரைப் பக்கம் என்று எங்கெல்லாமோ ஓட்டிப் பார்த்தார். பலிக்கவில்லை.

தையல்காரர் மகளுக்கு மட்டும் வேறு வேலை. மனப்பாடமாக இருந்த தவளைக் கதையையே கையில் எடுத்தார். "உனக்குக் கதை தெரியும். கதைக்கு உன்னத் தெரியாது. இன்னைக்கு ரெண்டு பேரையும் அறிமுகம் பண்ணி வைப்போம்." அவள் வாய் சொல்லச் சொல்ல, விரல் சொல்லுக்குச் சொல் நகர வேண்டும். முதல் நாள் வாய் கொக்கிடம் போய்ச் சேர்ந்தபோது விரல் இன்னும் தவளையிடமே இருந்தது. அவளே சிரித்துவிட்டாள். பிறகு விரலும் வாயும் ஒன்றாகப் போகப் பழகின. பிறகு கதையின் வரிகளை என் அலுவலகக் கத்தரிக்கோலால் சொல் சொல்லாக வெட்டி, கலைத்துப் போட்டு, அடுக்கச் சொன்னார். தவளை கொக்கைத் தின்றது. குளம் தவளையைத் தேடிப் போனது. தான் எழுதிய அந்தக் கூத்தை அவளே வாசித்தாக வேண்டும். அக்கா வாசித்துக் காட்ட முடியாது, ஏனென்றால் அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கத்தரிக்கோல் ஐந்து வாரம் என் மேசைக்குத் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆறாவது வாரத்தில் அவள் மெய்யாகவே வாசித்தாள். மெதுவாக, மேடு பள்ளத்தில் வண்டி போவது மாதிரி. ஆனால் வாசித்தாள். அதுவும் செவுரத்தை அவளோடு தரையில் உட்கார்ந்து, அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான். எதிரே உட்கார்ந்து யாராவது முகத்தைப் பார்த்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். சோதனை நாள் நெருங்க நெருங்கச் செவுரத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அந்தப் பிள்ளைய நான்தான் கெடுத்தேன் சார். ஒரு மாசம் வீணாப் போச்சு. அது இங்கயே உக்காந்துட்டா நான் எந்த முகத்தோட வருவேன்?"

அந்த நாள் வந்தது. தலைமையாசிரியை அந்த அறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். அவ்வளவு தயவு அவருக்கு இருந்தது. இரண்டு நாற்காலிகள். எதிரே தரைவிரிப்பில் தையல்காரர் மகள்; மடியில் யாரும் முன்னே பார்க்காத ஒரு தாள். தலைமையாசிரியையின் மடியில் அதன் நகல்.

"வாசிம்மா" என்றார் தலைமையாசிரியை, கனிவாகவே. அவர் கனிவாகப் பேசினாலும் எனக்கு விரல் பிசகும். அந்தப் பிள்ளை தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிடம் போயிருக்கும். தலைமையாசிரியை பேனாவின் மூடியைத் திறந்தார்.

செவுரத்தை எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். உத்தரவைத் தட்டச்சு செய்தவன் என்ற முறையில் எனக்குப் பகீரென்றது.

"என்ன இது?" என்றார் தலைமையாசிரியை.

"மேடம், புதுத் தாளு. வீட்டுல யாரும் வாசிச்சுக் காட்டியிருக்க முடியாது. கேட்டாலே போதும், பாக்க வேண்டியதில்ல. நீங்களும் கொஞ்சம் திரும்பிக்குங்க. தயவுசெஞ்சு."

இன்னொரு நாற்காலி தரையில் உராயும் சத்தம். டிக்கெட் வாங்க வந்தவர்களைப் போல இரண்டு முகங்கள் என் சன்னலில் வந்து நின்றன. தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார். நான் கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டேன். கண் மட்டும் வெளியே இருந்தது.

"சொல்லுங்க" என்றார் செவுரத்தை.

முதுகுகளுக்குப் பின்னால் ஒரு குரல் கிளம்பியது. கடலில் சின்னப் படகு ஒன்று போகிறது. துடுப்பு போடுகிறவளுக்குக் கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. குரல் தடுக்கியது, எழுந்தது, மறுபடி நடந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியது. தலைமையாசிரியையின் பேனா நகலில் வரி வரியாக இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிக்கு முந்தின வரியில், "வானத்தில் முதல்..." என்று சொல்லி நின்றுவிட்டது.

செவுரத்தையின் கையில் நகல் இல்லை. வானத்தில் என்ன தெரிந்தது என்று அவருக்குத் தெரியாது. இடது கைச் சுண்டுவிரலை மடக்கினார். அப்போது தலைமையாசிரியையின் கழுத்து மெல்லப் பின்பக்கம் திரும்ப ஆரம்பித்தது. அந்தச் சொல்லைச் சொல்லிவிட வாயும் திறந்தது. செவுரத்தை வலது கையை நீட்டி, தன் மேலதிகாரியின் பேனா இல்லாத கையை மணிக்கட்டில் பிடித்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இடது கை முழுக்க மடங்கிவிட்டது. பின்னால் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. வலது கையை எடுத்தால் தலைமையாசிரியை திரும்பிவிடுவார். செவுரத்தை ஒரு கணம் யோசித்தார். மடங்கிய இடது கையை விரித்துக் கொண்டுவந்து, தான் பிடித்திருந்த அந்தக் கையின் சுண்டுவிரலை மடக்கினார். ஆறு. மோதிர விரலை மடக்கினார். ஏழு. தலைமையாசிரியை தன் கையையே வெறித்துப் பார்த்தார். நடுவிரல். எட்டு.

ஒன்பதாவது விரலைத் தலைமையாசிரியை தானாகவே மடக்கினார்.

"நட்... நட்சத்திரம்" என்றது பின்னால் குரல். "வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்தது."

"ம்ம், அப்புறம்?" என்றார் செவுரத்தை, சுவரைப் பார்த்தபடியே. பிடித்த கையை அவர் இன்னும் விடவில்லை.